புளி போட்டுத் தேய்த்த கோப்பைகள்

கேள்வி: ஐயா, நாங்கள் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மாமனார் நாதஸ்வரக்காரர், நாற்பது வருஷத்துக்கு மேல் வாசித்தவர். தை மாதம் அவருக்குச் சதாபிஷேகம். அன்றைக்குக் கூடத்தில் அடுக்கி வைக்கலாம் என்று பரணில் கிடந்த பரிசுகளையெல்லாம் இறக்கினேன். அவருடைய வெள்ளிப் பதக்கங்கள் பதினொன்று, ஒரு தங்கப் பதக்கம், ஒரு தஞ்சாவூர்த் தட்டு, என் கணவர் கபடியில் வாங்கிய கப்புகள் ஏழு, கஜா புயலில் நனைந்த மரக் கேடயம் ஒன்று. குத்துவிளக்கு தேய்ப்பது போலவே புளியும் உப்பும் போட்டு ஊறவைத்துத் தேய்த்தேன். பதக்கங்கள் கருப்பாகவே இருக்கின்றன. இரண்டு கப்புகள் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டன. இன்னொன்றில் தங்க நிறம் கையோடு வந்துவிட்டது. பழைய பித்தளைக் கப் ஒன்றின் விளிம்பில் விரிசல். நான் கீழே போடவில்லை, இறக்கும்போதே இருந்தது. மாமனார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். டவுனில் ஒரு கடையில், எல்லாவற்றையும் மொத்தமாக மோட்டார் சக்கரத்தில் தேய்த்து, அதாவது பஃப் அடித்து, முலாம் போட்டுப் புதிது போல் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா? தட்டையும் தங்கப் பதக்கத்தையும் கேடயத்தையும் இன்னும் தொடவில்லை.

பதில்: அம்மா, பதக்கங்கள் கருப்பாகவே இருக்கின்றன என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் நல்ல செய்தியே அதுதான். வெள்ளியின் கருப்பு வேறு, பித்தளையின் மங்கல் வேறு. பித்தளையில் புளி கரைக்கும் அழுக்கு, வெள்ளியில் கிடையாது. அதனால் உங்கள் மாமனாரின் பதக்கங்கள் தப்பித்தன. கடைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றால், பதக்கங்களையாவது கொடுக்காதீர்கள். நானும் கும்பகோணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பாலிஷும் முலாமும் போட்டுப் பிழைத்தவன்தான். எனக்கு வர வேண்டிய வேலையைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கப்புகளுக்கு என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்பு வேலை. காவிரி வண்டலில் அச்செடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றிச் செய்வது. தடிமனான வெறும் உலோகம். பாட்டி தேய்த்து, அம்மா தேய்த்து, நீங்களும் தேய்த்தாலும் அது தாங்கும். பரிசுக் கப் அப்படியில்லை. மெல்லிய தகட்டைச் சுழலவிட்டு அழுத்தி வடிவெடுத்தது. மேலே பளபளப்பு போகாமலிருக்க லாக்கர் என்ற கண்ணாடி போன்ற பூச்சு. அந்தப் பூச்சு இருக்கும்வரை தேய்க்கவே வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தாலே போதும். நீங்கள் நாரைப் போட்டுத் தேய்த்தபோது லாக்கர் அங்கங்கே கிழிந்தது. கிழிந்த இடத்தில் மட்டும் புளியும் உப்பும் இறங்கின. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பிலும் உப்பிலும் அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் முந்திக்கொண்டு கரையும், செம்பு மேலே நிற்கும். நீங்கள் பார்த்த சிவப்புத் திட்டு அந்தச் செம்புதான். இது மேல்தோலோடு போகிற சங்கதி, பயப்பட வேண்டாம்.

இந்த இரண்டு கப்புகளையும் கடைக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: பெயரும் வருஷமும் அடிக்கட்டையில் ஒட்டிய சின்னத் தகட்டில் இருக்கிறதா, கப்பின் உடம்பிலேயே வெட்டியிருக்கிறதா? தகட்டில் என்றால் கவலையே இல்லை. பழைய லாக்கரை முழுக்க எடுத்துவிட்டு, லேசாகப் பஃப் போட்டு, திரும்ப லாக்கர் அடிக்கச் சொல்லுங்கள். உடம்பில் வெட்டெழுத்து இருந்தால் பஃப் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் கையாலேயே ஒன்று கெட்டிருக்கிறது. நான் பட்டறையில் வேலை பழகிய காலம். ஒரு பெரியவர் துணிப்பையில் சுற்றி ஒரு வெள்ளிக் கப் கொண்டுவந்தார். நெல் விளைச்சல் போட்டியில் முதல் பரிசாம். ஊர்ப் பெயர், அவர் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு என்ற கணக்கு, எல்லாம் கப்பின் வயிற்றில் மெல்லிய கோடுகளாக வெட்டியிருந்தது. என் சாமர்த்தியத்தைக் காட்ட மோட்டாரில் நன்றாக அழுத்திப் பிடித்தேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. பெரியவர் வந்து வாங்கினார். பளபளப்பைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் வயிற்றுப் பக்கம் தடவித் தடவி எழுத்தைத் தேடினார். ஊர்ப் பெயர் கிடைத்தது, விளைச்சல் கணக்கு கிடைக்கவில்லை. பேசிய கூலியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் மாமனார் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார் என்று படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

பஃப் போடுவது என்றால் அழுக்கை எடுப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் ஒரு படலம் சீவி எடுப்பதுதான் அது. ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் ஆழம் குறையும், உருவங்களின் மூக்கும் விரலும் மழுங்கும்.

சரி, தங்க நிறம் கையோடு வந்த கப்புக்கு வருவோம். அது உலோகமே இல்லை, பிளாஸ்டிக். மேலே கண்ணுக்குத் தெரியாத கனத்தில் அலுமினியம் படியவைத்து, அதன்மேல் மஞ்சள் சாயம் கலந்த பூச்சு கொடுத்திருப்பார்கள். போனது போனதுதான், இதற்கு வைத்தியம் கிடையாது. தங்க நிற ஸ்ப்ரே அடித்தால் இன்னும் அசிங்கமாகும். விளையாட்டுச் சாமான் கடைகளில் கப்பின் தலை, தண்டு, அடிக்கட்டை எல்லாம் தனித்தனியாகத்தான் வருகின்றன. அவர்களே மரையில் கோத்துக் கொடுக்கிறார்கள். அதே உயரத்துக்கு ஒரு தலை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஜெயித்தது உங்கள் வீட்டுக்காரர், பெயர்த் தகடு பழையது. தலை மாறினால் என்ன? இந்த மாதிரிக் கப்பைச் சானிடைசர், தின்னர், நெயில் பாலிஷ் அழிப்பான் எதனாலும் துடைக்காதீர்கள்.

மற்ற கப்புகளைத் தொடும் முன் எது என்ன என்று பிரித்துவையுங்கள். ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, மேலே முலாம். ஒட்டாமல், கையில் கனமாக இருந்து, சுண்டினால் மணி போல் ஒலித்தால் பெரும்பாலும் பித்தளை. கனமாக இருந்தும் மொத்தென்று சத்தம் வந்தால் துத்தநாகக் கலவை வார்ப்பு. முலாம் போனால் சாம்பல் நிறம் தெரியும். லேசாக இருந்தால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். அலுமினியத்துக்குச் சோடா ஆகாது, கருத்துவிடும். வெள்ளி என்று நினைப்பதில் அடியில் ஈ.பி.என்.எஸ். என்று குத்தியிருந்தால் அது நிக்கல் கலவைமேல் வெள்ளி முலாம். ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதில் பேரைத் தவிர வெள்ளி கிடையாது. முலாம் எதுவானாலும் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு லேசான சோப்பு, பழைய பருத்தித் துணி, அத்தோடு நிறுத்துங்கள். பாத்திரம் தேய்க்கும் பவுடர், பற்பசை எல்லாம் நுண்ணிய மணல் மாதிரி, கீறிவிடும். அடிக்கட்டையோடு தண்ணீரில் முக்கவும் கூடாது. நடுவில் ஓடும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், மரத்தூள் பலகை உப்பும். திருகிக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். அடிக்கட்டை சலவைக்கல் என்றால் புளித்தண்ணீர் பட்ட இடம் சொரசொரப்பாகியிருக்கும். சுண்ணாம்பைப் போல அதையும் புளிப்பு தின்னும்.

இப்போது அந்த விரிசல். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது இந்த ஒரு வரிதான். பரணை ஒட்டி மாட்டுத் தொழுவம் இருக்கிறதா? இல்லாவிட்டால் அதே அறையில் யூரியா மூட்டை அடுக்குவீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்பீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலம் வந்தால் தானாக விரிசல் விட்டன. அடைமழையில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவாக விளக்கினார்கள். அழுத்தி இழுத்து வடிவெடுத்த பித்தளைக்குள் ஒரு முறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அந்த முறுக்கம் விரிசலாக வெளியே வரும். தோட்டா உறைக்கு நடந்தது கப்புக்கும் நடக்கும். மாட்டுத் தொழுவத்தில் வரும் நெடியும், நனைந்த யூரியா மூட்டையின் காரநெடியும் அதே அம்மோனியாதான். ஆகவே மற்ற கப்புகளைத் திரும்ப அந்தப் பரணில் ஏற்றாதீர்கள். விரிசல் விட்டதைத் தேய்க்கவும் வேண்டாம், நசுக்கிச் சேர்க்கவும் வேண்டாம். நல்ல கை ஒன்று கிடைத்தால் உள்பக்கமாக ஈயப் பற்று வைக்கலாம். இல்லாவிட்டால் விரிசலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். அம்மோனியா நெடி அடிக்கும் பித்தளைப் பாலிஷ் எதையும் அதில் தடவாதீர்கள்.

பித்தளையில் மூலை முடுக்கில் பச்சைக் களிம்பு பார்த்திருப்பீர்கள். செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள், செம்போடு கூடவே பிறந்தது என்பதற்காக. நம் கப்புகளில் அவ்வளவு தத்துவம் இல்லை. பெரும்பாலும் போன தடவை தேய்த்தபோது கழுவாமல் விட்ட புளியும் உப்பும்தான் அது. மூங்கில் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், இரும்பு ஊசி வேண்டாம்.

இனி பதக்கங்கள். ஒரு காலத்து நாதஸ்வர வித்வான்களின் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள், நெஞ்சு நிறையப் பதக்கம் குத்தியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஊர், ஒரு திருவிழா, ஒரு கல்யாணம். உங்கள் மாமனாருக்கும் பதினொன்றுக்குப் பதினொரு கதை இருக்கும். துணியை எடுக்கும் முன் ஒரு சாயங்காலம் அவரோடு உட்காருங்கள். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, எந்த ஊர், யார் கொடுத்தது என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். வெளிச்சம் நேரே விழாமல் பக்கவாட்டில் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தடவினால் எழுத்து எழும்பும்.

வெள்ளி கருப்பது காற்றிலுள்ள கந்தக வாயுவால். பட்டாசுப் புகை, முட்டை, வெங்காயம், ரப்பர், எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. பதக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்திருந்தால் ஒரு கருப்புக் கோடு விழுந்திருக்கும், பாருங்கள். ஆனால் இந்தக் கருப்பு முழுக்கக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தின் பள்ளத்தில் கருப்பு இருப்பதால்தான் எழுத்து படிக்கக் கிடைக்கிறது. மயில், யாளி, சரஸ்வதி உருவம் எடுப்பாகத் தெரிகிறது. மேடான இடம் வெளுத்து, பள்ளம் கருத்திருப்பதுதான் பழைய வெள்ளிக்கு அழகு. அதனால் நகைக் கடையில் விற்கும் வெள்ளி துடைக்கும் துணி ஒன்று வாங்கி, விரலில் சுற்றி, மேடுகளை மட்டும் ஒரே திசையில் நாலைந்து தடவை துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். துணி கருப்பாகும், அதைத் துவைக்காதீர்கள், மருந்து அதிலேயே இருக்கிறது.

அலுமினியத் தாள் வைத்தியம் ஒன்று போனில் எல்லாரும் காட்டுகிறார்கள். நிஜமாகவே வேலை செய்யும். பிளாஸ்டிக் பேசினில் அலுமினியத் தாளை விரித்து, நல்ல சூடான தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு கரண்டி ஆப்பசோடா போட்டு, வெள்ளி அந்தத் தாளைத் தொடும்படி வைத்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் கருப்பு போகும். அழுகிய முட்டை வாடை லேசாக வரும். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் கழன்று வருகிற வாடை அது. உலோகம் சீவப்படுவதில்லை என்பது இதன் நல்ல குணம். கெட்ட குணம், பள்ளத்துக் கருப்பையும் சேர்த்து வழித்துவிடும். பதக்கம் வெளிறி, பேய் அறைந்தது போல நிற்கும். ஒன்றும் எழுதாத சாதா வெள்ளிக் கிண்ணத்துக்குச் செய்யுங்கள். கல் பதித்தது, எனாமல் வைத்தது, ரிப்பன் கோத்தது, ஒட்டுப் போட்டது எதையும் அதில் போடக் கூடாது. விபூதியும் அப்படித்தான். நல்ல கனமான வெள்ளி விளக்குக்குச் சரி, பதக்கத்தில் எழுத்துக்குள் போய் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும்.

தங்கப் பதக்கத்தை நீங்கள் ஊறவைக்காதது புண்ணியம். சுத்தத் தங்கம் கருக்காது. விளிம்பில் கருப்புத் தட்டியிருந்தால் பெரும்பாலும் உள்ளே வெள்ளி, மேலே தங்க முலாம் என்று அர்த்தம். இதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. ஒலிம்பிக் தங்கப் பதக்கத்திலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைக்குக் குறையாமல் வெள்ளிதான். மேலே பூசுவது சுமார் 6 கிராம் தங்கம். முலாமைத் துணியால் அழுத்தித் தேய்த்தாலும் தேயும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, நல்ல தண்ணீரால் ஒற்றி, உலரவிடுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொடுத்த வெண்கலப் பதக்கங்கள் சில, சில நாளிலேயே நிறம் மாறி, மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. புதுசு, பெரிய இடத்துச் சரக்கு என்றெல்லாம் எந்த உலோகமும் பார்ப்பதில்லை.

தஞ்சாவூர்த் தட்டில் தண்ணீரே படக் கூடாது. செம்பு அல்லது பித்தளைத் தட்டின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டில் உருவம் எழுப்பிப் பதித்திருப்பார்கள். உருவத்தின் பின்பக்கக் குழிவில் செங்கல் பொடி, குங்கிலியம், நல்லெண்ணெய் கலந்த மெழுகை நிரப்பியிருக்கும். சூடு காட்டினால் அது இளகும், உருவம் தளரும். மெல்லிய வண்ணம் தீட்டும் தூரிகையால் தூசி தட்டுங்கள், அதோடு விடுங்கள். ஏதாவது உருவம் ஆடினால் தஞ்சாவூரில் தட்டு செய்யும் பத்தர்களிடமே எடுத்துப் போங்கள். ஒட்டும் பசை போடாதீர்கள்.

கஜாவில் நனைந்த கேடயத்தில் பலகை போயிருக்கும், தகடு நன்றாகத்தான் இருக்கும். சின்ன ஆணிகளைப் பின்பக்கமிருந்து தள்ளிக் கழற்றி, தச்சரிடம் அதே வடிவில் தேக்கில் ஒன்று வெட்டி வாங்குங்கள். பழைய ஆணியை மறுபடி அடிக்க வேண்டாம்.

உங்கள் பக்கம் கடல் காற்று, போர்த் தண்ணீரும் உப்பு. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்து உலர்த்தாமல், துணியால் ஒற்றி மின்விசிறியின் கீழ் ஒரு ராத்திரி விடுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மார்கழி பாதிக்கு மேல் வெயில் தலைகாட்டியதும் ஆரம்பித்தால் தைக்குள் நிதானமாக முடியும். அப்புறம் ஒவ்வொரு பதக்கத்தையும் கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, ஸ்டீல் பீரோவில் வையுங்கள். செய்தித்தாள், ஸ்பான்ஜ், கற்பூர உருண்டை எதுவும் கூட வேண்டாம். ஈரம் இழுக்க, புது மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போடலாம்.

சதாபிஷேகத்தன்று பெரியவர் பதக்கங்களைக் குத்திக்கொள்ள ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஊசி தளர்ந்திருந்தால் முன்கூட்டியே பத்தரிடம் காட்டி இறுக்கிவையுங்கள். மஞ்சள், சந்தனம், கலச நீர் எல்லாம் மேலே விழுகிற நாள் அது. அபிஷேகம் முடிந்து, உடை மாற்றிய பிறகு குத்திவிடுங்கள். அன்று ராத்திரி எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், வியர்வை பட்ட பின்பக்கத்தை ஈரத் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பீரோவில் வையுங்கள்.